பள்ளிக்கூடம் விடாத வெள்ளிக்கிழமை

போன வெள்ளிக்கிழமை என் மகளின் வகுப்பு விழாவுக்குப் பிந்திப் போனேன். கொஞ்ச நஞ்சப் பிந்தல் இல்லை... பத்து மணி விழாவுக்கு இரண்டு மணிக்கு!

கொழும்பில் இப்போதெல்லாம் பிந்தி வருகிறவரிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொள்கிறார்கள். ஆனால் என் மகளுக்கு ஏழு வயது. அவளுக்கு விளங்காது. விளங்கவும் வேண்டாம் என்றுதானே நாங்கள் எல்லோரும் பாடுபடுகிறோம்?

முதலில் இருந்து சொல்கிறேன்.

யாழினி வெள்ளவத்தையில் ஆண்டு இரண்டு படிக்கிறாள். மூன்றாம் தவணை முடிகிற நேரம்; புது ஆண்டு இனி ஜனவரியில்தான். வழக்கமாக மண்டபத்தில் மேடை போட்டு, பிள்ளைகளின் முகத்தில் பவுடர் அப்பி, கலைவிழா வைப்பார்கள். இந்த வருடம் பாதுகாப்புக் காரணத்தால் ஆட்களைக் கூட்ட வேண்டாம் என்று மேலிடத்து உத்தரவு. மண்டபமும் இல்லை, மேடையும் இல்லை.

வகுப்பாசிரியை சிவகாமி ரீச்சர் அதற்காகச் சோர்ந்துபோகவில்லை. “வகுப்பறை இருக்குத்தானே” என்றாராம். ஒவ்வொரு பிள்ளையும், ஜனவரியில் தனக்குச் செய்யத் தெரியாமல் இருந்த ஒன்றை இப்போது அம்மா அப்பாவுக்கு முன்னால் செய்துகாட்ட வேண்டும். அவ்வளவுதான் விழா. எதைச் செய்வது என்பது பிள்ளையின் விருப்பம். வீட்டில் மூச்சு விடக்கூடாது.

ரிப்போட்டில் ‘கணிதம் – நன்று’ என்று பார்ப்பதைவிட இது எவ்வளவு மேல்!

“நீ என்ன செய்யப் போறாய்?” என்று இரண்டு வாரமாக யாழினியைக் கேட்டேன்.

“வந்து பாருங்கோவன்” – அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

வந்து பார்க்கத்தான் புறப்பட்டேன். கோட்டையில் இருக்கும் அலுவலகத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். பம்பலப்பிட்டி தாண்ட ஒரு செக்பொயின்ற். எல்லோரும் இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். பழகிப்போன விஷயம். ஆனால் அன்று என் கையில் இருந்த கடதாசிகள் ஒன்றோடு ஒன்று சண்டை பிடித்தன. அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். கொழும்பில் தங்கும் தமிழர் எடுக்க வேண்டிய பொலிஸ் பதிவில் கொட்டாஞ்சேனை விலாசம். வாயால் நான் சொல்வது வெள்ளவத்தை விலாசம். வீடு மாறி இரண்டு மாதம்தான். புதிய பதிவு அலுமாரிக்குள் பத்திரமாகக் கிடந்தது. ஒரே ஆள் மூன்று இடத்தில் இருந்தால் எந்தப் பொலிஸ்காரருக்குத்தான் சந்தேகம் வராது?

ஜீப்பில் ஏறச் சொன்னார்கள். ஏறினேன்.

பொலிஸ் நிலையத்தில் ஒரு நீளமான பெஞ்ச். ஏற்கெனவே நாலைந்து பேர் இருந்தார்கள். பக்கத்தில் இருந்த இளைஞர் மலையகத்துத் தலவாக்கலைக்காரர். தெமட்டகொடையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. “அண்ணே, கடையில தேடுவாங்க. சொல்லாமப் போயிட்டேன்னு நெனப்பாங்க” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கும் அதே கவலைதான். என் கடையில் முதலாளிக்கு ஏழு வயது... அவ்வளவுதான் வித்தியாசம்.

யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. கேள்விகூடக் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. யாராவது கேட்டால் பதில் சொல்லலாம். கேட்காவிட்டால்? வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வகுப்பறை வாசலை யாழினியும் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இனிப் பள்ளிக்கூடத்தில் நடந்ததெல்லாம் பிறகு மனைவியும் மற்றப் பெற்றோரும் சொல்லித் தெரிந்தது.

நான் ஜீப்பில் ஏறியதை ஒருவர் கண்டிருக்கிறார். றிஸ்வான் நானா. வெள்ளவத்தைச் சந்தைக்குப் பக்கத்தில் துணிக்கடை வைத்திருப்பவர். அவருடைய மகளும் அதே வகுப்பு. அவர் அவசரமாகப் பள்ளிக்கூடம் போய், சிவகாமி ரீச்சரை வெளியே கூப்பிட்டிருக்கிறார்.

“மிஸ், யாழினிட வாப்பாவ ஜீப்புல ஏத்திட்டாங்க. நான் கண்ணால கண்ட. புள்ளைக்குச் சொல்லிராதீங்க.”

ரீச்சர் என் மனைவியைத் தாழ்வாரத்துக்கு அழைத்துச் சொன்னார்.

“அழாதேங்கோ, பிள்ளை பார்க்கிறாள். வீட்டை போய்ப் பதிவை எடுங்கோ. மல்லிகா மிஸ் உங்களோட வருவா. யாழினிக்கு நான் இருக்கிறன்.”

மல்லிகா மிஸ் நுகேகொடைச் சிங்களவர். பிள்ளைகளுக்குச் சிங்களம் படிப்பிக்கிறவர். விழா என்று நல்ல ஊதாச் சேலை உடுத்து வந்திருந்தார். அதே சேலையோடு ஓட்டோவில் ஏறிவிட்டார்.

வகுப்பறையில் விழா நடந்துகொண்டிருந்தது. ஒரு பையன் சப்பாத்து லேஸ் கட்டிக் காட்டினான். ஒருத்தி கடதாசி மணிக்கூட்டில் மணி சொன்னாள். இன்னொருவன் ஏழாம் வாய்ப்பாட்டை மூச்சு விடாமல் ஒப்புவித்தான். முன்பல் விழுந்த ஒருவன் விசிலடித்தான் – பல் விழுந்த பிறகுதான் வரத் தொடங்கியதாம்!

யாழினியின் முறை வந்தபோது அவள் வாசலைப் பார்த்தாள். “அப்பா வரட்டும் ரீச்சர்.”

“ஓம், உம்மடதுதான் கடைசி ஐட்டம்” என்றார் ரீச்சர்.

மற்றப் பிள்ளைகள் எல்லோரும் முடித்தார்கள். பற்றிஸும் கேக்கும் முடிந்தன. நான் வரவில்லை. அப்போது ரீச்சர் கை தட்டினார்.

“சரி, இனி அம்மா அப்பாமாரின்ர முறை! நீங்களும் இந்த வருசம் என்ன பழகினனீங்கள் எண்டு செய்து காட்ட வேணும்.”

பெற்றோருக்குள் விஷயம் காதோடு காதாகப் பரவியிருந்தது. அப்படியான நாளில் ஆட்கள் என்ன செய்வார்கள்? பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வேகமாக வீட்டுக்குப் போவார்கள். நானும் போயிருப்பேன்.

ஒருவரும் எழும்பவில்லை.

வங்கியில் பெரிய பதவியில் இருப்பவர் கரும்பலகையில் ஆடு வரைந்தார். பிள்ளைகள் அது மேசை என்று அடித்துச் சொன்னார்கள். ஒரு அம்மா பாடினார். இன்னொரு அம்மா கண்ணை மூடிக்கொண்டு மகளுக்கு இரட்டைப் பின்னல் பின்னினார். றிஸ்வான் நானா கதிரைமேல் ஏறிச் சேவல் மாதிரிக் கூவினார். அடுத்த வகுப்புப் பிள்ளைகள் யன்னலில் வந்து தொங்கினார்கள்.

மணி அடித்தது. மற்ற வகுப்புகள் விட்டன. அதிபர் அம்மா வந்து, “இன்னும் முடியேல்லையோ?” என்று கேட்டார். சிவகாமி ரீச்சர் கிட்டப் போய் இரண்டு வார்த்தை சொன்னார். அதிபர் அம்மா ஒரு சின்னக் கதிரையை இழுத்துப்போட்டுத் தானும் உட்கார்ந்துவிட்டார்.

இங்கே பொலிஸ் நிலையத்தில், பொறுப்பதிகாரி வெளியே போயிருந்ததால் மல்லிகா மிஸ்ஸும் என் மனைவியும் மத்தியானம்வரை காத்திருந்தார்கள். அவர் வந்ததும் மிஸ் எழுந்து நின்றார்.

“மஹத்தயா, மே அபே ளமயெக்கே தாத்தா.”

அதாவது, ஐயா, இவர் எங்கள் பிள்ளையொன்றின் அப்பா. நான் மாசக்கணக்கில் சேர்த்துவைக்கும் அத்தனை கடதாசிகளும் சொல்லாத ஒன்றை அந்த ஒற்றை வசனம் சொல்லிவிட்டது. அதிகாரி புதிய பதிவைப் பார்த்தார், மிஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஹரி, யன்ன” என்றார். சரி, போகலாம்.

நான் எழும்பினேன். பக்கத்தில் இருந்தவர் எழும்ப முடியாது. என்னைத் தேடி இரண்டு பேர் வந்தார்கள்; அவரைத் தேடி யாரும் வரவில்லை. இதை எழுதாமல் விட்டால் என் நன்றி பாதிப் பொய்யாகிவிடும். அவருடைய கடைப் பெயரை மல்லிகா மிஸ்ஸிடம் சொன்னேன். வெளியே வந்து கடைக்குப் போன் எடுத்து, முதலாளியோடு அவரே கதைத்தார். ஞாயிற்றுக்கிழமை நான் தெமட்டகொடைக்கே போய்ப் பார்த்தேன். முதலாளி போய் மீட்டு வந்த அந்த இளைஞர் கடைக்குள் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார். குடித்த தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

சரி... வகுப்பறைக்கு வருகிறேன்.

வாசலில் நான் நின்றதும் முழு வகுப்பும் திரும்பியது. பெரியவர்கள் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். யாழினி மட்டும் இடுப்பில் கை வைத்தாள்.

“அப்பா! றிஸ்வான் அங்கிள் சேவல் மாதிரிக் கூவினவர். நீங்கள் அதைப் பாக்கேல்லை!”

“மன்னிச்சுக்கொள்ளம்மா. பஸ் பிந்திப்போச்சு.”

அவள் முன்னால் போய் நின்றாள். கையைப் பின்னால் கட்டினாள்.

“என் பெயர் யாழினி” என்றாள். “மழையில் நனைந்த கோழி, வாழையின் கீழே விழுந்த பழத்தைக் கண்டு மகிழ்ந்தது.”

ஒவ்வொரு ‘ழ’வும் சுத்தமாக உருண்டு விழுந்தது!

ஜனவரியில் அவள் ‘யாளினி’. தன் பெயரே தனக்கு வராத பிள்ளை. அவளைச் சொல்லி என்ன? எங்கள் ஊர்ப்பக்கம் ழவுக்கும் ளவுக்கும் வித்தியாசமே இல்லை. தமிழ் தமிழ் என்று பேசும் எனக்கே அந்த எழுத்து வராது. இரண்டு வாரமாக வீட்டில் வாழைப்பழத்தை ‘அது’ என்று கையால் காட்டியதும், மழை பெய்தால் ‘தண்ணி கொட்டுது’ என்றதும் ஏன் என்று அப்போதுதான் பிடிபட்டது. ரகசியம் வாயால் நழுவிவிடக்கூடாது என்று அந்த எழுத்தையே பூட்டிவைத்திருக்கிறாள்!

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

நமக்காக ஓடியவர்களுக்கு நன்றி சொல்வது சுலபம். மல்லிகா மிஸ்ஸின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டேன். நமக்காக ஓடாமல், வீட்டுக்குப் போகாமல், ஆடு வரைந்துகொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு எப்படிச் சொல்வது? என் மகளின் வாழ்க்கையில் அந்த நாளைப் பயந்த நாளாக்காமல், பள்ளிக்கூடம் விடாத சந்தோஷமான நாளாக்கிக் கொடுத்தவர்கள் அவர்கள். அதற்காகத்தான் இந்த வாரப் பத்தி முழுவதும்.

கடைசியாக சிவகாமி ரீச்சரிடம் போனேன். அவர் கரும்பலகையில் இருந்த ஆட்டை அழித்துக்கொண்டிருந்தார்.

“ரீச்சர், என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை...”

“ஒண்டும் சொல்ல வேண்டாம்” என்றார் திரும்பாமலே. “ஜனவரியில எண்டாலும் நேரத்துக்கு வாங்கோ.”

“ஓம் ரீச்சர்” என்றேன் – ஆண்டு இரண்டுப் பிள்ளையைப் போல, கையைக் கட்டிக்கொண்டு.