என் தலையணை, அப்பாவின் கால்களுக்கு நடுவே

அது எண்பத்து மூன்றா, எண்பத்து நான்கா என்பதில் அண்ணனுக்கும் எனக்கும் இன்னும் வழக்குண்டு. ஆனி மாதம் என்பதில் வழக்கில்லை. நான் இரண்டாம் வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்தேன். விசைத்தறி ஓட்டிய அப்பாவுக்கு வேலூரில் இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்து, குடியாத்தத்துக்கு அழைத்து வந்த அன்றே என் இலவம்பஞ்சுத் தலையணை பறிபோனது.

வீட்டில் இருந்தவற்றில் அதுதான் கெட்டியானது என்று அம்மா அதை அப்பாவின் தொடைகளுக்கு நடுவே வைத்துவிட்டாள். அப்பா மல்லாந்தே படுக்க வேண்டும், கால்மேல் கால் போடக் கூடாது, ஒருக்களிக்கக் கூடாது. மீறினால் புது மூட்டு நழுவிவிடும் என்பது டாக்டர் உத்தரவு. எனக்குக் கிடைத்தது மடித்த லுங்கி. தலைக்குரியதைக் காலுக்குக் கொடுத்த அநியாயத்தைக் கேட்க அந்த வீட்டில் நாதியில்லை.

கேட்க ஒருத்தி வந்தாள். அப்பாவின் அக்கா, விரிஞ்சிபுரத்து அத்தை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு பை சாத்துக்குடியோடு. கட்டிலைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இன்னாடா தம்பி, பொணத்த கெடத்தினாப்பல மல்லாக்கப் படுத்துக்கினு? காலுக்கு நடுவுல தலகாணி வேற. வெளங்குமா வீடு?"

"டாக்டர் சொல்லியிருக்காருக்கா."

"அவரா பொரளாம கெடக்கிறாரு? முதுகு வெந்துடும். இந்தப் பக்கம் திரும்பு."

தலையணையை உருவி என்னிடம் நீட்டினாள். நீதி இவ்வளவு எளிது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. எப்போதும் ஒருக்களித்தே தூங்கிப் பழகிய அப்பாவும் ஆசையாகத் தோளை நகர்த்தினார்.

அடுப்படியிலிருந்து அம்மா ஈரக் கையோடு ஓடி வந்தாள். அப்பாவின் முழங்காலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறு கையால் என் மடியிலிருந்ததைப் பிடுங்கிப் பழைய இடத்திலேயே செருகினாள்.

"அண்ணி, மூட்டு நழுவிச்சுன்னா மறுபடியும் அறுக்கணும். அவருக்குப் பதிலா நீங்க போய்ப் படுப்பீங்களா?"

அத்தை சாப்பிடாமலே பஸ் ஏறினாள். பெரியவர்களை எதிர்த்துப் பேசினால் என் தொடையைக் கிள்ளுகிறவள் அம்மா. அவளைக் கிள்ள யாருமில்லை.

அன்றிலிருந்து அம்மா கட்டிலை ஒட்டித் தரையில் பாய் போட்டுப் படுத்தாள். ஒரு கையை மேலே தூக்கி, அந்தத் தலையணைமீது வைத்தபடியே தூங்கினாள். கட்டில் லேசாகக் கிறீச்சிட்டாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். காலையில் மரத்துப்போன கையை உதறிக்கொண்டே அடுப்பு பற்றவைப்பாள்.

பெற்ற மகளையே இப்படியா திருடியாக நினைப்பது என்று நான் அவளோடு பேசுவதை நிறுத்தினேன். அவள் அதைக் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை.