தம்பியின் ரத்தத்துக்காக நாங்கள் செய்த ஜெபம்

2005 ஆகஸ்டில் என் மனைவி ஸ்டெல்லாவின் உள்ளங்கைகள் சிவந்தன. பிறகு உடம்பெல்லாம் தடிப்பு. தோல் உரிந்தது. வயிற்றுப்போக்கு நிற்கவேயில்லை. ரத்தப் புற்றுநோய்க்காக அவளுக்கு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. செல்களைக் கொடுத்தவன் அவள் தம்பி பிரபு, பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவன்.

மருத்துவர் கன்னடப் பெண்மணி. "புதுசா வந்த செல்லு உங்க வைஃப் உடம்ப வேத்து ஆளுன்னு நினைச்சு அடிக்குது. இது வரக்கூடாதுன்னுதான் முதல்லேர்ந்தே மாத்திரை கொடுத்தோம். வந்திருச்சு. இனி ஸ்டீராய்டு" என்றார். பிழைப்பாளா என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றார். அந்த ஒரு சொல்லோடு ஜோகுபாளையத்தில் எங்கள் வீடு வரை நடந்தே வந்தேன்.

ஞாயிறு ஆராதனையில் பிரபு எழுந்து நின்று அழுதான். "என் ரத்தந்தான் எங்க அக்காவ கொல்லுது. அது அவ உடம்ப விட்டுப் போகணும்னு ஜெபம் பண்ணுங்க." சபை முழுவதும் முழங்காலிட்டது. வீட்டுக் கூட்டங்களிலும் அதே ஜெபம். உபவாசமும் இருந்தோம்.

இதை மருத்துவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் பதறிவிட்டார். "அய்யோ, பேடப்பா, வேண்டாம்! அது போச்சுன்னா அவங்களும் போயிடுவாங்க. இப்ப அவங்களுக்கு ரத்தம் ஊறுறதே அந்த செல்லாலதான். மிச்சம் மீதி கேன்சர் இருந்தா அதையும் அதுதான் அடிக்கும். இருக்கட்டும், ஆனா அடங்கி இருக்கட்டும்னு கேளுங்க."

நேரே போதகரிடம் ஓடினேன். "நாம தப்பா கேட்டா ஆண்டவரும் தப்பா கொடுத்துடுவாரா, பிரதர்? வாங்க, திருத்திக் கேப்போம்" என்றார் போதகர். அன்று முதல் "அடங்கட்டும், ஆண்டவரே" என்று மட்டுமே கேட்டோம்.

ஆஸ்பத்திரிப் பக்கமே வராதிருந்த பிரபுவை இழுத்துப் போனேன். முகக்கவசத்தோடு கதவோரம் நின்றான். ஸ்டெல்லா பார்த்தாள். "சின்ன வயசுலயே என்னப் பிறாண்டி வைப்ப. உள்ள வந்தும் விடலியேடா நீ!" அவன் அழுதுகொண்டே சிரித்தான்.

உடனே எதுவும் நடக்கவில்லை. மருந்தின் அளவை ஏற்றினார்கள். அந்த வாரம் மோசமாகவே போனது. பிறகு வயிற்றுப்போக்கு குறைந்தது. கஞ்சி தங்கியது. தோல் ஆறியது. கிறிஸ்துமஸுக்குள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கண்ணும் வாயும் இன்றும் வறண்டுபோகின்றன. சொட்டு மருந்து போடுகிறாள்.

சுகமளித்தது மருந்தா ஜெபமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அந்த மருந்தையும் அந்த மருத்துவரையும் கொடுத்தவருக்கே நன்றி சொல்கிறேன். அதைவிடப் பெரிய நன்றி, சபையே அழுது கேட்டதை அவர் கொடுக்காமல் விட்டதற்கு. இப்போதெல்லாம் நான் அவருக்கு யோசனை சொல்வதில்லை. தேவையை மட்டும் சொல்கிறேன். உங்கள் வீட்டில் நோய் இருந்தால், என்ன கேட்பதென்று தெரியாவிட்டாலும் கேளுங்கள். தப்பாகக் கேட்டுவிடுவோமோ என்று பயப்படாதீர்கள். ஸ்டெல்லா இன்று பாடகர் குழுவில் நிற்கிறாள். தம்பியின் ரத்தம்தான் அவளுக்குள் ஓடுகிறது.