ஜாயிண்ட் போட்டோ, மூன்று பிரதிகள்

சென்ற நவம்பரில், நான் உயிரோடு இருக்கிறேன் என்பதை நிரூபிக்கப் போயிருந்தேன். ஓய்வூதியக்காரர்களுக்கு இது வருடாந்திரச் சடங்கு. முன்பெல்லாம் கருவூலத்துக்கு நேரில் போய் வரிசையில் நிற்க வேண்டும். குமாஸ்தா நம்மை ஏற இறங்கப் பார்த்து, சரி, இந்த ஆள் இன்னும் சாகவில்லை என்று சற்று ஏமாற்றத்துடன் ஒப்புக்கொண்டு கையெழுத்து வாங்குவார். இப்போது உழவர்கரையில் எங்கள் தெருமுனைக் கணினி மையத்திலேயே வேலை முடிந்துவிடுகிறது. அங்கிருந்த பெண் கைபேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

“சார், கண்ண சிமிட்டுங்க.”

சிமிட்டினேன்.

“இன்னும் நல்லா சார். எடுக்க மாட்டேங்குது.”

முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கப் புகைப்படக்காரனாக இருந்து, அமைச்சர் முதல் ஆதரவற்றோர் இல்லத்துக் குழந்தைகள் வரை எல்லோரிடமும் “கண்ண சிமிட்டாதீங்க” என்று மன்றாடியவன் நான். எங்கள் காலத்தில் கண் சிமிட்டியவர் படத்தில் செத்தவர் மாதிரி விழுவார். இப்போது சிமிட்டினால்தான் உயிர் இருப்பதாகக் கணக்கு. விதி மாறினால் அதற்கு ஏற்ப நடப்பதுதான் அரசு ஊழியனின் லட்சணம். பலமாகச் சிமிட்டிவிட்டு வந்தேன்.

சிமிட்டல் என்றால் எனக்கு ஒரு அமைச்சர் நினைவுக்கு வருகிறார். நல்ல மனிதர். ஆனால் கத்தரிக்கோல் ரிப்பனைத் தொடும் அந்த நொடியில் கண்ணை மூடிவிடுவார், ஏதோ தன் விரலையே வெட்டப்போகிற மாதிரி. நம் பிரதேசத்தின் விசேஷம் உங்களுக்குத் தெரியும். காரைக்கால் ஒரு பக்கம், மாஹே கேரளத்துக்குள், ஏனாம் ஆந்திரத்துக்குள். ஏனாமில் ஒரு தண்ணீர்த் தொட்டிக்கு ரிப்பன் வெட்ட அவரோடு ஒரு நாள் முழுக்க ஜீப்பில் போனேன். வெட்டினார், கண்ணை மூடினார். இன்னொரு ரிப்பன் வாங்கிவரச் சொல்லி மறுபடி வெட்டவைத்தேன். மறுபடியும் மூடினார். படத்தில் தொட்டி மட்டும் நன்றாக வந்திருந்தது. அடுத்த நாள் பத்திரிகைகளில், ஆழ்ந்த தியானத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியை அவர் திறந்துவைத்தார். எனக்குப் பயணப்படி ஐந்து மாதம் கழித்து வந்தது. ரிப்பன் இரண்டு வாங்கியது ஏன் என்று விளக்கமும் கேட்டிருந்தார்கள்.

ஊர் திரும்பியதும் நேரே இருட்டறைக்குத்தான் போவேன். பிலிம் கழுவுகிற ஹைப்போவுக்கு ஒரு வாசனை உண்டு. புளித்த காடி மாதிரி, பழைய காசைக் கையில் வைத்துத் தேய்த்த மாதிரி. சோப்புப் போட்டாலும் விரலை விட்டுப் போகாது. வீட்டில் நான் சோற்றில் கை வைத்ததும் அம்மா மூக்கைச் சுளிப்பாள்.

“உங்கப்பாகிட்ட சொல்லு, புள்ளைக்கு வேற நல்ல வேல பாத்திருக்கலாம்னு.”

அப்பா அடுத்த தட்டுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருப்பார். இரண்டடி தூரம்.

“உங்கம்மாகிட்ட சொல்லு, கெவர்மெண்ட் வேலைல வாசன பாக்கக்கூடாதுன்னு.”

நான் சொல்ல மாட்டேன். சொல்லத் தேவையில்லை. செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்பது மூவருக்கும் தெரியும். ஆனாலும் என் வழியாகத்தான் போக வேண்டும். அலுவலகத்தில் ‘உரிய வழியில் அனுப்பப்பட வேண்டும்’ என்று முதன்முதலாகப் படித்தபோது எனக்கு எந்தக் குழப்பமும் வரவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்தே அந்த உரிய வழி நான்தான்.

இது தொடங்கியது மாமாவால். பிரெஞ்சுக்காரர்கள் போனபோது ஊர்க்காரர்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடிமகனாகவே இருந்துகொள்ளலாம். அம்மாவின் ஒரே தம்பி எழுதிக் கொடுத்தார், அவர்கள் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, சேர்ந்து கப்பல் ஏறினார். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. இங்கேயே துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்துவிட்டார். பல வருடம் கழித்து மாமா விடுமுறையில் வந்தார். அம்மா இறால் வறுத்து, வஞ்சிரம் குழம்பு வைத்து, பக்கத்தில் நின்று பரிமாறிக்கொண்டிருந்தாள். பேச்சு எங்கெங்கோ சுற்றிக் குடியுரிமையில் வந்து நின்றது. அப்பா சொன்னார்: “நீ சோத்துக்கு நாட்ட வித்தவன்.” மாமா கையை உதறிக்கொண்டு பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். அந்தப் பயணத்தில் மட்டுமல்ல, அப்புறம் எப்போதுமே எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அம்மா அந்த இலையை எடுத்துப் போட்டுவிட்டு என்னிடம் சொன்னாள்: “இனிமே உங்கப்பாவோட எனக்குப் பேச்சில்ல.”

கோபத்தில் சொன்னது, ஒரு வாரம் போகும் என்றுதான் நினைத்தேன். பதினோரு வருடம் போனது. சமையல் நடந்தது, துணி துவைத்தாள், அவர் வர நேரமானால் வாசலை எட்டிப் பார்த்தாள். பேச்சு மட்டும் இல்லை. அவர் இருக்கிற பக்கம் முகத்தையும் திருப்ப மாட்டாள்.

இந்த நிலையில்தான் அப்பா ஓய்வுபெறும் மாதம் வந்தது. ஓய்வூதியப் படிவங்களை நீங்கள் நிரப்பியிருந்தால் தெரியும், இல்லையென்றால் கடவுள் உங்கள் மேல் கருணையாக இருந்திருக்கிறார். அதில் ஓர் இணைப்பு: கணவன் மனைவி சேர்ந்திருக்கும் புகைப்படம், மூன்று பிரதிகள், அலுவலகத் தலைவர் கையெழுத்துடன். ஜாயிண்ட் போட்டோ என்பார்கள். பின்னால் கணவர் இறந்துபோனால், குடும்ப ஓய்வூதியம் கேட்டு வருகிற பெண் அவர் மனைவிதான் என்பதற்கு அதுவே ஆதாரம். அது இல்லாமல் அலைந்த விதவைகளை நான் எங்கள் அலுவலகப் படிக்கட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

எங்களுக்கு அதில் அவசரம் இருந்தது. அப்பாவை நான் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தேன். இதயம் வீங்கியிருக்கிறது, நாள் சொல்ல முடியாது என்றார்கள். திரும்பி வரும்போது பேருந்தில் அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்:

“உங்கம்மாகிட்ட சொல்லாத.”

“ஏம்ப்பா?”

“பாவம் பாத்துப் பேசினான்னா எனக்கு வாணாம். பேசணும்னு தோணி பேசினா பேசட்டும்.”

படத்தைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். “பென்ஷனுக்கு வேணும்மா. ரெண்டு பேரும் பக்கத்துல உக்காரணும்.”

“தனியா எடுக்கறதுன்னா எடு. அவரு பக்கத்துல நான் உக்கார மாட்டேன்.”

காரணத்தைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஆகவே தொழிலறிவைப் பயன்படுத்த முடிவு செய்தேன். தப்புகள் எல்லாம் அங்கேதான் தொடங்கும்.

அலுவலகத்தில் ஓர் இரட்டை லென்ஸ் கேமரா இருந்தது. மேலிருந்து குனிந்து பார்த்து எடுப்பது. ஒரே பிலிமில் இரண்டு தடவை படம் விழாமல் தடுக்கும் பூட்டு அதில் கெட்டுப்போயிருந்தது. பழுது பார்க்கச் சொல்லி நான் எழுதிய கடிதம் இரண்டு வருடமாக மேசை மேசையாக உலா வந்துகொண்டிருந்தது. அந்தத் தாமதத்துக்கு வாழ்நாளில் முதல்முறையாக நன்றி சொன்னேன். லென்ஸின் ஒரு பாதியைக் கறுப்புத் தாளால் மூடி ஒருவரை எடுப்பது, பிலிமை நகர்த்தாமல் மறு பாதியை மூடி இன்னொருவரை எடுப்பது. திட்டம் அவ்வளவுதான். அரசுக் கேமராவைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்தியது நடத்தை விதிகளுக்கு விரோதம். ஓய்வுபெற்றுவிட்டதால் உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் இருந்த கருவடிக்குப்பம் வீட்டு மொட்டை மாடியில் வெள்ளைப் போர்வையைக் கட்டினேன். காலையில் அப்பா அலுவலகம் கிளம்பும் முன் அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து எடுத்தேன். அம்மா வேலையெல்லாம் முடித்து மாடிக்கு வரச் சாயங்காலம் ஆகிவிட்டது. அதுவரை ஸ்டாண்டை ஒரு இம்மி நகர்த்தாமல், காக்கை உட்காராமல், நாள் முழுக்கக் காவல் இருந்தேன். தற்செயல் விடுப்பு ஒரு நாள். அம்மாவை அடுத்த நாற்காலியில் உட்காரவைத்து எடுத்தேன். பிரிண்ட் போட்டதும் எனக்கே மலைப்பு. இணைத்த கோடு தெரியவில்லை. பதினோரு வருடப் பகை தெரியவில்லை. பக்கத்துப் பக்கத்தில் இருவரும் ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்கள்.

அப்பாவின் மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

“தம்பி, நீ கெவர்மெண்ட் போட்டோகிராபர்தானே?”

“ஆமா சார்.”

“உங்கப்பா மூக்கு நெழல் இந்தப் பக்கம் வுழுது. உங்கம்மாவுது அந்தப் பக்கம் வுழுது. உங்க வூட்டு மாடியில எத்தினி சூரியன்?”

காலையில் கிழக்கு, மாலையில் மேற்கு. ஒன்றாம் வகுப்புப் பாடம். ஒளியை வைத்துச் சோறு தின்கிறவன் அதைக் கோட்டை விட்டிருந்தேன்.

“சார், வீட்டுல ஒரு சின்ன பிரச்சன...”

“எல்லா வூட்டுலயும் இருக்கு. ஆனா நான் கையெழுத்துப் போட்டா இவங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்தாங்கன்னு அர்த்தம். நாளைக்கி எவனாவது மொட்ட பெட்டிஷன் போட்டான்னா கஷ்டப்படப் போறது உங்கம்மாதான். போ, ஒழுங்கா எடுத்துட்டு வா.” மூன்று பிரதிகளையும் என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து படங்களைச் சாப்பாட்டு மேசையில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். வந்து பார்த்தால் அம்மா ஒரு படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள். இருவரையும் ஒட்டியதற்குத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் தன்னைப் பார்க்கவே இல்லை.

“இது யாருடா?”

“என்னாம்மா கேக்கற? அப்பாதான்.”

“எப்ப இவ்ளோ இளைச்சாரு?”

ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அவர் முதுகையும் செருப்பையும் சாப்பிட்ட தட்டையும் மட்டுமே பார்த்துக் குடும்பம் நடத்தியவள், முகத்தை என் படத்தில்தான் பார்க்கிறாள்.

“ஆஸ்பத்திரியில என்னா சொன்னாங்க?”

“யாரு ஆஸ்பத்திரி போனா?”

“சட்டைப் பையில சீட்டு இருந்திச்சி. தொவைக்கறது நான்தானே. என்னா சொன்னாங்க?”

நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அது போதுமானதாக இருந்தது. படத்தைக் கவிழ்த்து வைத்தாள். “நாளைக்கே எடு. வெய்யில் ஏர்றதுக்குள்ள” என்றாள்.

மறுநாள் காலை இருவரும் மாடிக்கு வந்தார்கள். நாற்காலிகளுக்கு நடுவே இன்னொருவர் உட்காரலாம். கிட்டே போட்டேன். அம்மா போர்வையைப் பார்த்தாள், அப்பா தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். நான் கேமராவில் தலையைக் கவிழ்த்தேன்.

“உங்கப்பாவ காலர சரிபண்ணிக்கச் சொல்லு.”

“சரியாத்தான் இருக்குதுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு.”

“கண்ணாடியில பாத்தா தெரியும்னு சொல்லு.”

“மாடியில ஏது கண்ணாடின்னு கேளு.”

நான் எதையும் சொல்லவில்லை. அம்மா எரிச்சலோடு திரும்பி அவளே காலரைப் பிடித்து இழுத்தாள். சரிசெய்ய முடியாது. கழுத்து சுருங்கிச் சட்டை தொளதொளவென்று நின்றது. பொத்தான் போட்டும் நிற்கவில்லை. அவள் கை அங்கேயே இருந்தது.

“எலும்பு தெரியுது. ஏன் சொல்லல?”

என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

அப்பா சொன்னார்: “யாருகிட்ட சொல்றது?”

குனிந்து பார்க்கிற கேமராவில் ஒரு வசதி உண்டு, எடுக்கிறவன் முகம் எதிரே இருப்பவர்களுக்குத் தெரியாது. கேமராவின் கண்ணாடியில் அவர்கள் இடம் வலம் மாறித் தெரிந்தார்கள், பிறகு கலங்கலாகவும் தெரிந்தார்கள். என் விரல் பொத்தான் மேல்தான் இருந்தது. அந்தப் படத்தை நான் எடுக்கவில்லை. படிவத்துக்கு அப்படி ஒரு படம் தேவைப்படவும் இல்லை. அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்த பிறகு, காதுகள் தெரிய, தோள்கள் சமமாக, இருவரும் எதிரியைப் பார்ப்பதுபோல் கேமராவைப் பார்க்க, விதிப்படி ஒன்று எடுத்தேன். அதிகாரி நிழலைச் சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அப்பா அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் இருந்தார். இருவரும் நேரடியாகப் பேசினார்கள் என்பதை நீங்கள் இனிமையாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பதினோரு வருட பாக்கிச் சண்டை அத்தனையையும் போட்டு முடித்தார்கள். மாமா விஷயம் தினமும் வந்தது. மருந்து, உப்பு, மின்விசிறி எல்லாவற்றுக்கும் வாக்குவாதம். நான் வேலை இழந்த தூதன்போலத் திண்டாடினேன். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் ஒரு கேள்வியும் இல்லாமல் வந்தது. இருபது வருடம் வாங்கினாள். அவள் போன பிறகு, வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்ததும், அந்தக் கோப்பு விதிப்படி அழிக்கப்பட்டிருக்கும். நெகட்டிவ்வை நான் அலுவலகப் பெட்டியில் வைத்திருந்தேன். கட்டடம் மாறியபோது பழைய நெகட்டிவ்களை எடை போட்டு எடுத்துப் போனார்கள். ஊரை எல்லாம் படம் பிடித்தவன் வீட்டில் அப்பாவும் அம்மாவும் உண்மையிலேயே சேர்ந்து உட்கார்ந்த படம் ஒன்றுகூட இல்லை.

இப்போது ஜாயிண்ட் போட்டோ எடுக்க யாரும் யாரையும் அழைத்து வருவதில்லை. உயிர்ச் சான்றுக்குப் போன அன்று, எனக்கு முன்னால் நின்ற இளைஞர் தன் அப்பா படம் ஒன்றும் அம்மா படம் ஒன்றும் கைபேசியில் கொண்டுவந்திருந்தார். ஒருவர் திருமண வரவேற்பில் நின்றார், இன்னொருவர் கடற்கரையில். கணினியில் இருவரையும் வெட்டி நீலப் பின்னணியில் ஒட்டி, வெளிச்சத்தைச் சமன் செய்து, இரண்டு நிமிடத்தில் கொடுத்துவிட்டார்கள். எந்த அதிகாரியாலும் குறை சொல்ல முடியாது. நல்ல வசதிதான்.

இந்த வசதி அன்றைக்கு இருந்திருந்தால் என் முதல் படமே தேறியிருக்கும். அம்மா அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசாமலேயே அவருடைய பென்ஷனை வாங்கியிருப்பாள். கோப்பில் ஒரு குறையும் இருந்திருக்காது.