வீட்டோடு நிற்க ஒருத்தி

தொழுகைக்கு அழைக்கும் மோதினார் பள்ளிவாசல் ஒலிபெருக்கியை முதலில் விரலால் தட்டிப் பார்ப்பார். பாங்கு நேரமாக இருந்தால் அந்தத் தட்டலை யாரும் பொருட்படுத்துவதில்லை. நேரமில்லாத நேரத்தில் தட்டினால் அது ஜனாஸா அறிவித்தல், யாரோ இறந்த செய்தி. தொண்ணூறுகளின் நடுவில், மாரி வெள்ளம் வடிந்த அந்தத் தை மாதத்தில், தட்டல் கேட்டதும் கையிலிருந்ததை வைத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். எங்கள் வீடிருந்த ஒழுங்கையின் பெயர் வராவிட்டால் 'அல்ஹம்துலில்லாஹ்' என்று வாய் தன்பாட்டில் சொல்லும். யாரோ ஒருவர் மவுத்தானதற்கா இறைவனைப் புகழ்கிறேன் என்று பிறகுதான் உறைக்கும். அதற்குள் மறுபடியும் தட்டுவார்.

வாந்திபேதி. வெள்ளம் வந்து மலசலகூடக் குழிகளையும் கிணறுகளையும் ஒன்றாகக் கலந்துவிட்டுப் போயிருந்தது. எங்களுடையது கடல் மணல் பூமி, வீடுகள் தோளோடு தோள் முட்டி நிற்கிற ஊர். ஒரு வீட்டுக் குழிக்கும் அடுத்த வீட்டுக் கிணற்றுக்கும் இடையில் ஒரு வேலிதான் இருக்கும். சுகாதாரப் பரிசோதகர் சைக்கிளில் வந்து கிணறுகளுக்குக் குளோரின் போட்டார், கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னார். சவளக்கடையிலிருந்து பால் கொண்டுவருகிறவர் ஊருக்குள் வரப் பயந்து நின்றுவிட்டார். கல்முனை ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் நிலத்தில் பாய் விரித்துப் படுக்க வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம்.

அந்த நேரத்தில்தான் எனக்குப் பிரசவ லீவு முடிந்தது. மகன் தவழத் தொடங்கியிருந்தான். கண்ணில் பட்டதையெல்லாம் வாயில் வைக்கிற வயது. நான் பெண்கள் பாடசாலையொன்றில் கணிதம் படிப்பித்தேன். அதிபர் வீடு தேடி வந்து, சாதாரண தரப் பரீட்சைப் பிள்ளைகள் ஆசிரியர் இல்லாமல் இருக்கிறார்கள், இனியும் நீட்டினால் வேறு ஆளைப் போட்டு உங்களை எங்காவது தூர இடத்துக்குத் தூக்கிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்பாகச் சொன்னார் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன்.

உம்மா மவுத்தான பிறகு அவர் தங்கை, என் சாச்சிதான் எங்களோடு இருந்தார். பிள்ளையை அவர் பார்ப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் அவருக்குக் கண்ணில் வெள்ளை விழுந்து ஒப்பரேசன் செய்து, குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். என் மகன் பாரம்தான். ஆக, ஒரு ஆள் தேவைப்பட்டது. ஊரே ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாமல் கதவைச் சாத்திக்கொண்டிருந்த காலத்தில், பிள்ளையைத் தூக்க வெளியிலிருந்து ஒருத்தியை உள்ளே எடுப்பதா என்பதுதான் எங்கள் வீட்டில் காலையும் மாலையும் கதை.

"வெளியாள் வேணாம்" என்றார் என் கணவர். அவருக்குக் கல்முனை பஸாரில் புடவைக்கடை.

"அப்ப கடையப் பூட்டிட்டு நீங்க பாருங்க மச்சான்" என்றேன்.

பக்கத்து வீட்டு ராத்தா அடுத்த நாளே ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

கடற்கரை ஓரத்துப் பெண். என்னைவிட இளையவள். கணவன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் இரண்டு மாரி கடந்திருந்தது. நான்கு வயதில் ஒரு மகள். கூடப்பிறந்த ராத்தாவின் வளவுக்குள் ஒரு ஓலைக் குடிலில் தாயும் மகளுமாக இருந்தார்கள். நான் அவளை வாசலிலேயே நிறுத்தி, பரீட்சை மண்டபத்தில் கேட்பதுபோல் கேட்டேன்.

"தண்ணி எங்க எடுக்கிற?"

"பொதுக் கிணத்தில டீச்சர்."

"காய்ச்சிக் குடிக்கிறயா?"

"வெறகு இரிந்தா காய்ச்சிற. இந்த மழைக்கு வெறகு எங்க காயுது?"

"வீட்டில ஆருக்கும் வயித்தால போனதா?"

"எங்கட வீட்டில இல்ல. முன் வீட்டில ரெண்டு பேருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன."

மறைக்காமல் சொன்னாள். பொய் சொல்லியிருந்தால் அப்படியே அனுப்பியிருப்பேன், வேலை சுலபமாக முடிந்திருக்கும். அவள் நகத்தைப் பார்த்தேன். ஒட்ட வெட்டியிருந்தது. அதற்குள் என் இடுப்பிலிருந்த மகன் அவளைப் பார்த்துச் சிரித்து, அவள் பக்கமாகச் சரிந்தான். அறிமுகம் இல்லாத யாரிடமும் போகாதவன். எனக்கு அது பிடிக்கவில்லை.

கணவர் உள்ளேயிருந்து வந்து தன் நிபந்தனையைச் சொன்னார். "இந்த வாந்திபேதி வருத்தம் அடங்குமட்டும் நீ இஞ்சயே நிக்கணும். போய்வாற வேல சரிவராது."

"அப்ப மகள்?"

"ஒன்ட ராத்தாவோட நிக்கட்டும்."

"ராவையில நான் இல்லாட்டி அவ படுக்க மாட்டா." பிறகு என்னைப் பார்த்தாள். "அவளயும் கூட்டி வரட்டா டீச்சர்? ஒரு மூலையில இரிப்பா. சத்தம் போடமாட்டா."

"ஒரு ஆளால வாற பயம் காணாதா?" என்றார் கணவர்.

நானும் அதையேதான் நினைத்தேன். அவர் சொல்லிவிட்டதால் நான் சும்மா நிற்கலாம் என்றாகிவிட்டது.

"அப்ப ஏலா. வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவள் செருப்பைப் போட்டாள். கெஞ்சவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. எனக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளை பார்க்க வந்தவளுக்கு இவ்வளவு வீம்பா என்று நினைத்தேன். அவளுக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது, அதையும் யாராவது பார்க்க வேண்டும் என்பது எனக்கு அந்த நிமிடத்தில் வீம்பாகத்தான் பட்டது. பக்கத்து வீட்டு ராத்தாதான் இடையில் புகுந்து, வெள்ளிக்கிழமை வரைக்கும் காலையில் வந்து மாலையில் போகட்டும், சரிவந்தால் பிறகு பேசலாம் என்று சமாளித்தார்.

அந்த நாட்கள் எனக்கு நரகம். வந்தவுடன் அவள் எங்கள் கிணற்றில் குளித்து, நான் கொடுத்த உடுப்பை மாற்றிக்கொண்டுதான் பிள்ளையைத் தொட வேண்டும். தண்ணீர் எல்லாம் கொதிக்க வைத்தது. பால் போத்தலைக் கொதிநீரில் போட்டெடுக்க நான் அவள் தலைமேல் நின்றேன். அவள் மலசலகூடத்துக்குப் போனால் எத்தனை முறை போகிறாள் என்று குசினி ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். கணிதம் படித்ததன் பலன் அது. மகனின் துணியை மாற்றும்போதெல்லாம் நிறத்தைப் பார்த்தேன், மணந்தும் பார்த்தேன். "புள்ளைக்கு வருத்தம் வரமுன்னம் ஒனக்குப் பைத்தியம் வந்திரும்" என்றார் கணவர்.

அவள்மேல் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை. ஏணையை ஆட்டிக்கொண்டு, சொல் எதுவும் விளங்காமல் ஏதோ முனகிப் பாடுவாள். மகன் அந்த முனகலுக்குக் கண்ணை மூடுவான். பாட்டின் நடுவில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் தட்டல் கேட்கும். அவள் கை ஏணையிலேயே நிற்கும். அறிவித்தலை முடிவுவரை கேட்டுவிட்டு மறுபடி ஆட்டுவாள். முதலில் தெற்குப் பக்கத்து வீதிகள் வந்தன. பிறகு சந்தைக்குப் பின்னால் உள்ளவை. வியாழக்கிழமை எங்களுக்கு அடுத்த ஒழுங்கை வந்தது.

வெள்ளிக்கிழமை சாச்சி ஒரு கண்ணில் மறைப்போடு, ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலடிக்குப் போய்விட்டார். ஜும்ஆ முடிகிற நேரம் பெண்கள் தண்ணீரோடு வாசலில் நிற்பது எங்கள் பக்கத்து வழக்கம். தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஏதாவது குர்ஆன் ஆயத்தை ஓதி, போத்தல் வாயில் ஓர் ஊது ஊதிவிட்டுப் போவார்கள். பிள்ளைகளின் கண்ணூறுக்கும் பயத்துக்கும் காய்ச்சலுக்கும் அதுதான் முதல் மருந்து. அன்றைக்குக் கூட்டம் வீதிவரை நின்றதாம். நெரிசலில் தண்ணீர் பாதி சிந்திவிட, எல்லோரும் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்கிற ஹவுழுத் தொட்டியில் அள்ளி நிரப்பிக்கொண்டு மறுபடி வரிசையில் நின்றாராம். இதையெல்லாம் வீட்டுக்கு வந்து சாச்சியே பெருமையாகச் சொன்னார்.

"புள்ளைக்கு ஒரு மொடறு பருக்கு" என்று என்னிடம் நீட்டினார்.

"காய்ச்சிட்டுக் குடுப்பம் சாச்சி."

"ஓதின தண்ணியையா? அடுப்பிலயா? ஒனக்கென்ன விசரா? அல்லாஹ்ட பறக்கத்தெல்லாம் ஆவியாப் போயிரும்."

"காய்ச்சாத தண்ணி ஒண்டும் என்ட புள்ளைட வாயில படாது."

"இத்தின பேர் ஓதி ஊதின தண்ணியில வருத்தம் நிக்குமா? கணக்குப் படிப்பிச்சா அல்லாஹ்வ விடப் பெரியாளா நீ?"

எனக்கும் வாய் நீளம். ஆயிரம் பேர் கால் கழுவின தண்ணீர் என்று சொல்லிவிட்டேன். சாச்சி அழுதார். ஒப்பரேசன் செய்த கண், அழக்கூடாது என்று நான் இன்னும் கத்தினேன். கடைசியில் அவர் எழுந்து போய், பின்வளவில் மாலை வீட்டுக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டார்.

"இந்தா புள்ள. இந்த வீட்டுப் புள்ளைக்கு இது தேவையில்லையாம். ஒன்ட மகளுக்குப் பருக்கு. ஒரு சொட்டும் கீழ ஊத்திராத."

அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். முகம் மலர்ந்துபோனது. எங்கள் வீட்டிலிருந்து அவளுக்கு மனதோடு கிடைத்த முதல் பொருள் அதுதான். காய்ச்சிவிட்டுக் கொடு என்று சொல்ல வாயெடுத்தேன். சாச்சி என்னைப் பார்த்த பார்வையில் அப்படியே விழுங்கிவிட்டேன். உண்மையைச் சொன்னால், போத்தல் வீட்டைவிட்டுப் போகிறதே என்று எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

அன்று மாலை நானும் கணவரும் முடிவெடுத்தோம். அவள் நல்லவள், சுத்தம், பிள்ளை அவளோடு ஒட்டிக்கொண்டது. வீட்டோடு நிற்காவிட்டாலும் பரவாயில்லை, திங்கட்கிழமையிலிருந்து வரட்டும், நான் பாடசாலைக்குப் போகலாம் என்றார் அவரே. பக்கத்து வீட்டு ராத்தா மூலம் அவளுக்குச் சொல்லி அனுப்பினோம். எவ்வளவு யோசித்து எடுத்த முடிவு என்று எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

திங்கட்கிழமை காலை சேலை உடுத்து, மகனுக்குப் பால் கரைத்து வைத்துவிட்டு, கேற்றடியில் நின்று அவள் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாடசாலை மணியடிக்கும் நேரமும் தாண்டியது. இவளை நம்பினேனே என்று எரிச்சலோடு உள்ளே திரும்பும்போது ஒலிபெருக்கியில் தட்டல் கேட்டது. கடற்கரை வீதி என்றார் மோதினார். எங்கள் ஒழுங்கை இல்லை. வழக்கம்போல் வாய் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டது. அதன் பிறகுதான் தகப்பனின் பெயரைச் சொன்னார், கடலுக்குப் போய்த் திரும்பாதவர் என்றும் சேர்த்துச் சொன்னார். நான்கு வயதுப் பெண் பிள்ளை.

அந்தத் தண்ணீரா, அவர்களின் பொதுக் கிணறா, முன் வீட்டு வருத்தமா, யார் கண்டது? யாரும் கேட்கவில்லை. சாச்சி தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே இருந்தார். அல்லாஹ் நாடினது என்று ஒரு தடவை சொன்னார், பிறகு சாப்பிடவில்லை. நானும் அவரும் அந்தப் போத்தலைப் பற்றி, அவர் மவுத்தாகும்வரை ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

"அவள இனி உள்ளுக்கு எடுக்கேலா" என்றார் கணவர். "வருத்தம் பட்ட புள்ளையத் தூக்கின கை." நான் ஓம் என்றேன். ஓம் என்று சொன்ன என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது, ஆனாலும் அதைத்தான் சொன்னேன். பக்கத்து வீட்டு ராத்தாவிடம் சொல்லி அனுப்பினோம். நான் பாடசாலையில் இன்னும் கொஞ்ச நாள் லீவு கேட்டு வாங்கினேன்.

அறிவித்தல்கள் குறையத் தொடங்கியிருந்த ஒரு காலை, மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றத்தில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் கேற்றுக்கு வெளியே நின்றாள். முக்காட்டை இழுத்து மூடியிருந்தாள், கையில் உடுப்புகள் கட்டிய ஒரு சீலைப் பொட்டளி. எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. கூப்பிடவில்லை. மகன்தான் அவளைக் கண்டு துள்ளினான்.

ஆறுதல் சொல்ல வாய் வரவில்லை. உள்ளே வா என்றும் வரவில்லை.

அவள் பொட்டளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"டீச்சர், நீங்க சொன்ன மாதிரி இனி ஒங்கட வீட்டிலயே நிக்க ஏலும்" என்றாள். "வீட்ட போக வேண்டிய தேவ இல்ல."

விறாந்தையில் கணவர் வந்து நின்றிருந்தார். அவரும் கேட்டார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நான் போய்க் கேற்றைத் திறந்தேன்.