இருபத்தொரு டிகிரி

ஹால்வோர் நிமிர்ந்து நின்றால் வலது பாதம் முன்னால் பார்க்கும்; இடது பாதம் பக்கத்து வீட்டைப் பார்க்கும். பிறவியில் அப்படி இல்லை. நாற்பத்தாறாவது வயதில், ஒரு பெரிய வெள்ளியன்று, ஸ்தாவ்தால் மலைக்குடிலின் பின்னால் அடுக்கியிருந்த விறகு சரிந்து கணுக்காலில் விழுந்தது. அன்று குடிலில் முப்பத்தோரு விருந்தினர்கள். ஹெலிகாப்டரைக் கூப்பிடச் சொன்னார்கள். விடுமுறை நாளில் மீட்புக்காரர்களை எதற்குத் தொந்தரவு செய்வது என்று அவன் காலைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மூன்று நாள் வாஃபிள் சுட்டுக் கொடுத்தான். பிறகு பத்தொன்பது கிலோமீட்டர் பனியில் சறுக்கி ஊருக்கு வந்தான். சுளுக்கு என்று சொல்லி இன்னும் நான்கு வாரம் ஓட்டினான். மருத்துவர் பார்க்கும்போது எலும்பு தன் இஷ்டத்துக்குக் கூடியிருந்தது. ஊரில் யாரும் அதை முட்டாள்தனம் என்று சொல்லவில்லை. அவர்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

குடில் வேலை வருடத்தில் ஐந்து வாரம்தான். குருத்து ஞாயிறுக்கு முந்தின வாரம் போய்க் கதவை மூடிய பனியை வெட்டி எடுத்து, அடுப்பு மூட்டி, ஈஸ்டர் கூட்டத்துக்குச் சோறு தண்ணீர் பார்த்து, ஏப்ரல் கடைசியில் பூட்டிவிட்டு வரவேண்டும். மற்ற நாற்பத்தேழு வாரமும் ஹால்வோர் ஊரில் கூரை போட்டான், கதவு இழைத்தான். ஆனாலும் என்ன வேலை என்று யாராவது கேட்டால், குடில் பார்க்கிறேன் என்றுதான் சொல்வான். பதினொரு வருடம் பார்த்த வேலை.

கால் கோணிய பிறகு இரண்டு பனிக்காலம் வேறு ஆள் போனார். அந்த இரண்டு பனிக்காலமும் ஹால்வோர் சறுக்குக்கட்டையோடு மல்லுக்கட்டினான். தடத்தில் வைத்த வலது கட்டை ஒழுங்காகப் போகும். இடது கட்டை கயிறறுத்த ஆட்டைப்போல வெளியே ஓடும். நூறு கஜத்துக்கு ஒரு முறை விழுந்தான். இங்கே பிள்ளைகள் சறுக்குக்கட்டையோடு பிறப்பதாகச் சொல்வார்கள். அதனால் வேறு வழி உண்டென்று யோசிக்கவே அவனுக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

மூன்றாம் வருடம், குடிலை நடத்தும் மலைச்சங்கத்து அஸ்லாக் வீட்டுக்கே வந்தார். கெட்ட மனிதர் அல்ல. சுற்றி வளைக்கத் தெரியாதவர். பீடபூமியில் எஞ்சின் வண்டிக்கு அனுமதி பிப்ரவரியில் ஒரே ஒரு முறை, விறகும் எரிவாயுவும் ஏற்றிப்போக. மற்றபடி குடில்காரர் சொந்த முயற்சியில் போய் வரவேண்டும். மேலே ஒருவருக்கு ஏதாவது ஆனால் முதலில் கிளம்பவேண்டியவரும் அவர்தான். எனவே குருத்து ஞாயிறுக்கு முந்தின புதன்கிழமை, நாற்பத்தைந்து கிலோ சாமானோடு, தனியாக, இருட்டுவதற்குள் ஹால்வோர் குடிலுக்கு வந்து சேரவேண்டும். முடியாவிட்டால் சாவி சமவெளியிலிருந்து வரும் ஒரு தம்பதிக்கு.

"உன் வாஃபிளுக்காகவே வர்றவங்க இருக்காங்க, எனக்குத் தெரியும்" என்றார் அஸ்லாக். "ஆனா வாஃபிள் நடந்து போகாது பாரு."

ஜனவரியில் ஏரிக்கரையில் மாரித் நடத்தும் பட்டக்கடைக்கு ஹால்வோர் போனான். பனியில் பட்டம் கட்டி இழுபட்டுப் போவதற்கு ஊர் ஊராக ஆட்கள் வரும் கடை. அவர்களை அவன் பத்து வருடமாகக் குடில் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்திருக்கிறான். இப்போது அவர்களுடைய வரிசையில் நின்றான்.

மாரித் எல்லோரையும் முதலில் உருளைக்கிழங்கு மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றிவிடுவாள். வாயால் சொல்லும் எடையை நம்பிப் பட்டம் கொடுத்தால் ஆள் மரத்தில் கிடப்பான் என்பது அவளுடைய கணக்கு. ஹால்வோர் எண்பத்தெட்டு என்றான். தராசு தொண்ணூற்று நான்கு என்றது.

"பூட்ஸு ஆறு கிலோவாண்ணே?" என்றாள் மாரித்.

பட்டம் எளிதாக முடிந்தது. ஆள் எடை, பின்னால் இழுவண்டி, மார்ச் மாதக் காற்று எல்லாம் பார்த்து, பத்து சதுர மீட்டரில் பழைய பட்டம் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பெரிய பட்டம் வேண்டும் என்று ஹால்வோர் சொல்லிப் பார்த்தான். கடை வாசல் கொடியைப் பார்த்துப் பேசாதீங்க, அது கட்டிடத்துக்குப் பின்னால் தூங்குகிற கொடி, உறைந்திருக்கும் ஏரியின் நடுவில் நின்று பார்த்துவிட்டு வாங்க என்றாள். நின்று பார்த்தான். தொப்பி போயிற்று. பத்துக்கே ஒப்புக்கொண்டான்.

காலில்தான் சிக்கல். தூரம் போகிறவர்கள் எல்லாரும் சறுக்குக்கட்டைதான் எடுப்பார்கள். காற்று நின்றால் நடந்தாவது வரலாம். ஒற்றைப் பனிப்பலகையில் இரண்டு காலையும் குறுக்காகப் பூட்டிக்கொண்டால், காற்று நின்ற இடத்தில் ஆளும் நின்றான். மாரித் இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவள், அவன் நின்ற நிலையைப் பார்த்ததும் நிறுத்தினாள். ஒரு பலகையை எடுத்துத் தரையில் போட்டு, அதன் மேல் நிற்கச் சொன்னாள். பலகையில் பாதத்தைப் பூட்டும் பிடிக்கு அடியில் ஒரு வட்டத்தகடு உண்டு. நான்கு திருகாணியைத் தளர்த்தினால் பாதம் எந்தப் பக்கம் பார்க்கவேண்டுமோ அந்தப் பக்கம் திருப்பி வைக்கலாம். ஓரத்தில் டிகிரிக் கோடுகள். காசு கொடுத்துக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம், வாத்து மாதிரி பாதத்தை வெளியே திருப்புங்கள் என்று அவள் நாள் முழுக்கக் கத்துவாள்.

"நீங்க திரும்பியே வந்திருக்கீங்கண்ணே" என்றாள்.

எத்தனை டிகிரி என்பதைக் கண்டவர் அக்கா போர்கில். ஓட்டலில் படுக்கைவிரிப்பு, திரைச்சீலை தைக்கிறவர். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றாலும் அளவில் நூலிழை பிசகமாட்டார். தம்பியை வெறுங்காலோடு பழுப்புக் காகிதத்தில் நிற்கவைத்தார். கண்ணை மூடி மூன்று தரம் குதித்து, இயல்பாக நிற்கச் சொன்னார். ஒவ்வொரு தரமும் தையல் சுண்ணக்கட்டியால் பாதத்தைச் சுற்றி வரைந்தார். மூன்று தரமும் இடது பாதம் இருபத்தொரு டிகிரி. வலது பாதம் ஆறு, ஆறு, ஏழு.

"டேய், ரெண்டு வருஷமா அந்தக் காலை நேராக்கப் பாத்தியே" என்றார். "அது எங்க நிக்குதோ அங்க நிக்கட்டுமே."

மாரித் நீள மூக்கு வைத்த பலகையை எடுத்து நீட்டினாள். வேகம் அதில்தான் என்றாள். ஹால்வோர் வேண்டாம் என்றான். அவன் கணுக்கால் மடங்காது. விரல் பக்கம் சாய்வதற்குக் கணுக்கால் மடங்கவேண்டும். குதிகால் பக்கம் சாய்வதற்கு வேண்டாம், நாற்காலியில் சாய்வதுபோல உட்கார்ந்தால் போதும். மலைச்சரிவில் இறங்குகிறவனுக்கு இரண்டு பக்கமும் வேண்டும். பட்டத்தில் போகிறவனுக்கு அப்படி இல்லை. பட்டத்தை மறுபக்கம் திருப்பிவிட்டு, பலகையைத் திருப்பாமல் வால் பக்கமாகவே போனால் எப்போதும் குதிகால்தான். அதற்கு மூக்கும் வாலும் ஒன்றுபோல இருக்கிற பலகை வேண்டும்.  மாரித் பின்னறையிலிருந்து, யாரும் கேட்காமல் மூன்று வருடம் கிடந்த பலகை ஒன்றைக் கொண்டுவந்தாள். நூற்று அறுபத்திரண்டு சென்டிமீட்டர், விறைப்பானது, அவனுடைய நாற்பத்தாறாம் எண் பூட்ஸு ஓரத்தில் உரசாத அகலம். ஏரியின் பனிக்கட்டியில் பிடிமானம் கிடைக்க விளிம்பை மட்டும் தீட்டவேண்டியிருந்தது. அதை அவன் உளி தீட்டுகிற கல்லிலேயே தீட்டினான்.

பட்டத்தை உடம்போடு மாட்டும் இடுப்புவார் இரண்டு விதம். இடுப்பை மட்டும் பிடிப்பது பார்க்க நன்றாக இருக்கும். தொடையையும் சேர்த்துப் பிடிப்பது குழந்தைத் துணி கட்டியதுபோல இருக்கும். ஆனால் பத்தொன்பது கிலோமீட்டருக்கு முதுகு தாங்கும். ஹால்வோர் இரண்டாவதை எடுத்தான். அதன் பின்பக்கத்தில் போர்கில் இழுவண்டிக் கயிற்றுக்கு ஒரு வளையம் தைத்தார். ஆபத்தில் கயிறு ஒரே இழுப்பில் கழலும்; ஆனால் வளையம் பிய்ந்து வராதபடி ஆறு வரிசைத் தையல். கதவுப்பிடியில் மாட்டித் தாமே தொங்கிப் பார்த்த பிறகுதான் கொடுத்தார். கயிறு அறுக்கிற கொக்கிக் கத்தி, தலைக்கவசம், முழங்கால் பட்டை எல்லாம் சேர்ந்தன. கடைசியாக மாரித் ஒரு ஜோடி பனிமிதியடியை மேசையில் வைத்தாள். காற்று நின்றால் பாதம் பனியில் புதையாமல் நடப்பதற்கு.

"இது எங்க தாத்தா குதிரைக்குக் கட்டுனது" என்றான் ஹால்வோர். எடுத்துக்கொள்ளவில்லை. போர்கில் மூன்று முறை சொல்லிப் பார்த்தார். தம்பி காதில் ஏறவில்லை.

ஆறு வாரம் ஏரியில் விழுந்து விழுந்து பழகினான். பனிக்கட்டியில் ஓட்டையிட்டு மீன் பிடிக்கிறவர்கள் வாளியில் உட்கார்ந்தபடி வேடிக்கை பார்த்தார்கள். துணி காயப்போட வேறு இடம் கிடைக்கவில்லையா என்று ஒருவர் கேட்டார். ஹால்வோர் அவருக்குப் பதில் சொல்லத் திரும்பி, அவருடைய காபிக் குடுவைமேல் ஏறினான். ஐந்தாம் வாரத்தில் வெற்று இழுவண்டியோடும் ஆறாம் வாரத்தில் நிறை வண்டியோடும் போய்வந்தான். மீன்காரர்கள் மறுபடி மீனைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

புதன்கிழமை காலை ஒன்பதரைக்குப் புறப்பட்டான். மேல்காற்று, ஒரே சீராக. மாவு, முட்டை, வெண்ணெய், பழுப்புப் பாலாடைக்கட்டி, மருந்துப்பெட்டி எல்லாம் வண்டியில் இருந்தன. நாற்பத்தைந்து கிலோ முந்நூறு கிராம், நிறுத்தவர் போர்கில். இரண்டு கணவாய்களையும் பதினொன்றரைக்குள் கடந்தான். வழி அடையாளத்துக்கு நட்டிருந்த பிர்ச் குச்சிகள் வேலிபோலப் பக்கத்தில் ஓடின. கோணல் கால் வலிக்கவே இல்லை. அதைக் கவனித்தபோது அவனுக்குச் சிரிப்பு வந்தது.

பீடபூமியிலிருந்த லாங்வத்ன ஏரியின் நடுவில் காற்று நின்றது. சுழன்று சுழன்று கொஞ்சம் கொஞ்சமாக நிற்கவில்லை. விளக்கை அணைத்ததுபோல நின்றது. பட்டம் அப்படியே இறங்கிப் படுத்தது. குடிலுக்கு இன்னும் நாலரைக் கிலோமீட்டர். மணி பன்னிரண்டு பத்து.

முதல் ஒரு மணி நேரம் ஆரஞ்சு தின்றான். இரண்டாவது மணி நேரம் பட்டத்தை மடித்தான். பிறகு நடந்து பார்த்தான். குச்சி நட்ட தடத்தில் பிப்ரவரி வண்டி போன சுவடு கட்டியாக இருந்தது. ஆனால் வெயிலில் மேல் ஓடு இளகி, நாலு அடிக்கு ஒருமுறை கால் தொடைவரை உள்ளே போயிற்று. கோணல் கால் உள்ளே போய்ச் சிக்கினால் வெளியே எடுக்கவே ஐந்து நிமிடம். நூறு மீட்டருக்கு அரைமணி. கைபேசியில் சிக்னல் இருந்தது. கூப்பிட்டால் மாரித்தின் கடையிலிருந்து நல்ல கால்கள் இரண்டு மணி நேரத்தில் வரும். சாவியும் போகும். மேசையில் விட்டுவந்த குதிரைமிதியடியை நினைத்துக் கொஞ்சம் திட்டினான். யாரை என்று தெளிவில்லை.

பலகையின்மேல் உட்கார்ந்திருந்தவன் அப்போதுதான் ஒன்றைக் கவனித்தான். பலகை உள்ளே போகவில்லை. நடக்கத்தான் முடியவில்லை, நிற்க முடிகிறது. ஒரு காலில் நின்று மறு காலால் உதைத்துப் போவது இந்த ஊரில் புதிதல்ல. ரொட்டி வாங்கவும் கோவிலுக்குப் போகவும் பனியில் சறுக்கும் உதைவண்டியில்தான் போகிறார்கள். எண்பது வயதில் போர்கிலின் மாமியார் அதில்தான் தபால் நிலையம் போய்வந்தார்.

திருப்புளி சட்டைப்பையில் இருந்தது, அக்கா வைத்தது. இடது பிடியின் நான்கு திருகாணியைத் தளர்த்தி, முழங்கால் பலகையின் போக்கில் பார்க்கும் அளவுக்குத் தகட்டைத் திருப்பினான். விரல் மரத்து ஒரு திருகாணி பனியில் விழுந்தது, தேடிக் கிடைக்கவில்லை. மூன்றை வைத்து முறுக்கினான். கோணல் காலைப் பூட்டினான். நல்ல காலால் உதைத்தான். பலகை நகர்ந்தது, வண்டியும் பின்னால் வந்தது. உதைக்கிற கால் உள்ளே போனாலும் உடம்பு பாரம் பலகைமேல் இருந்ததால் உடனே வெளியே வந்தது. இருபது உதை, ஒரு மூச்சு. இருபது உதை, ஒரு மூச்சு.

அஸ்லாக் காலையிலேயே வேறு வழியாகச் சறுக்கி வந்து, குடிலில் அடுப்பு மூட்டிக் காத்திருந்தார். ஐந்தரை மணிக்கு ஜன்னலில் பார்த்தார். ஏரியில் ஒரு ஆள் சந்தைக்குப் போவதுபோல உதைத்து உதைத்து வந்துகொண்டிருந்தான். வெளியே வந்து, கடைசி ஏற்றம் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உதவிக்கு இறங்கவில்லை. தனியாக என்பது அவர் போட்ட நிபந்தனைதானே.

"காத்துல வர்றதா சொன்னே" என்றார்.

"காத்து பன்னிரண்டு மணிக்கே வீட்டுக்குப் போயிடுச்சு" என்றான் ஹால்வோர். "வெண்ணெயை உள்ள எடுத்து வைங்க, வெயில்ல இளகிடும்."

அஸ்லாக் இழுவண்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். முட்டை அறுபது; ஒன்று உடைந்திருந்தது. உதைத்து வரலாம் என்று எப்போது தோன்றியது என்று கேட்டார். ஒரு மணி நேரம் ஆரஞ்சு தின்ற பிறகு என்று ஹால்வோர் உள்ளதைச் சொன்னான். பனிமிதியடியை எடுத்து வராத கதையையும் மறைக்கவில்லை.

"அடுத்த தடவை எடுத்துட்டு வா" என்றார் அஸ்லாக். பிறகு சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, கதவுக்குப் பக்கத்தில் பதினொரு வருடம் அது தொங்கிய அதே ஆணியில் மாட்டினார்.  கதவின் கீழ்ப் பக்கம் பனி இன்னும் ஒரு முழம் இருந்தது. ஹால்வோர் மண்வெட்டியை எடுத்தான்.

சனிக்கிழமை விருந்தினர்களோடு போர்கிலும் சறுக்கி வந்தார். முதுகுப்பையில் ஒரு ஜோடி பனிமிதியடி. உள்ளே நுழைந்ததும் சுவரில் சாய்த்திருந்த பலகையைக் குனிந்து பார்த்தார். இடது பிடியின் தகடு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்தார், திருகாணிகளை எண்ணினார்.

"மூணுதான் இருக்கு."

"ஒண்ணு ஏரியில இருக்குக்கா."

போர்கில் கோட்டுப்பையில் கையை விட்டு, உபரியாகக் கொண்டுவந்திருந்த திருகாணி ஒன்றை எடுத்து, தகட்டை மறுபடி இருபத்தொன்றில் வைத்து முறுக்கினார். அதன் பிறகுதான் கோட்டைக் கழற்றினார்.