தொட்டிக்குப் பின்னால் ஒரு ஆன்டெனா

பெரியநாயக்கன்பாளையத்தில் நாங்கள் கட்டிய புது வீட்டுக்குள் செல்போன் சிக்னல் கிடைக்காது. வாசலுக்கு வந்தால்தான் பேச முடியும். அதனால் என் கணவர் ஒரு சிக்னல் பூஸ்டர் வாங்கினார். டவர் வடகிழக்கில் இருக்கிறது, மாடியில் அந்த மூலையிலேயே ஆன்டெனாவை நிறுத்தலாம் என்றார் மாட்ட வந்தவர்.

நான்தான் மறித்தேன். "ஏனுங்கண்ணா, ஈசானி மூலைல கம்பம் நட்டா வாஸ்து கெட்டுப்போயிருமுங்க. எதுத்தாப்பல தென்மேக்குக் கன்னி மூலைல வெச்சுப்போடுங்க."

"அங்க தண்ணித் தொட்டி மறைக்குமுங்களே அம்மணி" என்றார். நான் கேட்கவில்லை.

அதன்பிறகும் சிக்னல் வந்து வந்து போனது. பூஸ்டர் பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதே என்று இருந்துவிட்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் போனோடு வாசலுக்கு வந்தேன். அம்மா கூப்பிட்டு எனக்குக் கிடைக்காமல் போன அழைப்புகளின் தகவல்கள் வரிசையாக வந்து விழுந்தன. பதறிப்போய் அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டேன். வெள்ளகோவிலில் அப்பா எடுத்தார்.

"நெஞ்சு வலிக்குதுன்னா கண்ணு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியெல்லாம் உன்னையத்தான் கூப்புட்டுட்டே இருந்தா. போயிட்டா."

வீட்டு வைஃபை வழியாகவே பேசும் வசதி என் போனில் இருந்தது பிறகுதான் தெரிந்தது. செட்டிங்கில் 'வைஃபை காலிங்' என்பதை ஆன் செய்தால் போதும். உங்கள் வீட்டில் சிக்னல் இல்லையென்றால் முதலில் அதைப் பாருங்கள்.

இப்போது அப்பா, அம்மாவின் போனிலிருந்துதான் பேசுகிறார். என் போனில் அந்த எண்ணுக்கு இருக்கும் பெயரை நான் மாற்றவில்லை. திரையில் 'அம்மா' என்று வந்ததும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.