கொதிக்கிற மண்ணுக்கு நான் போட்ட வழி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பாறையில் கிணறு வெட்டினேன்; தண்ணீர் வராது என்று சிரித்தவர்கள் இன்றைக்கு அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். மணலும் சிமெண்டும் அடிவாரத்திலிருந்து ஏற்றி வந்து மலையில் மாடி வீடு கட்டினேன். சாமை குத்திக் கை காய்த்துப்போன பெண்களுக்காக அரவை மிஷின் வைத்தேன். மகளை நர்ஸ் படிக்க வைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, எங்கள் புதூர்நாட்டு மலைச் சாலை மண்ணும் கல்லுமாகக் கிடந்த காலத்திலேயே சொந்த ஜீப் வாங்கி ஓட்டினேன். புளி மூட்டை, பலாப்பழம், பிரசவ வலி, கல்யாணக் கூட்டம், எதுவானாலும் என் ஜீப்தான். யாரும் எனக்குக் கை கொடுக்கவில்லை.

அந்த ஜீப்பில் ஏறாத ஒரே ஆள் என் மனைவி. ஏறினால் இரண்டாவது வளைவிலேயே வாந்தி எடுக்கத் தலையை வெளியே நீட்டிவிடுவாள். அதனால் எங்கே போனாலும் நடைதான். மலைக்குக் கீழே ஆலங்காயத்தில் மகளுக்குக் கல்யாணம் நடந்தபோது முதல் நாளே காட்டு வழியாக இறங்கி, நாங்கள் போய்ச் சேர்வதற்குள் மண்டபத்தில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள். "ஊரையே ஏத்திக்கினு வர்றீங்க, வூட்டுக்காரம்மாவ மட்டும் நடக்க வுட்டுட்டீங்களே" என்று சம்பந்தி கேலி செய்தார். சிரித்துச் சமாளித்தேன். ஆனால் மறக்கவில்லை.

மகளும் மாப்பிள்ளையும் இப்போது நியூசிலாந்தில் இருக்கிறார்கள். எங்களை வரச்சொல்லி டிக்கெட் போட்டார்கள். விமானத்தில் வளைவு கிடையாது என்று சொன்னதும் என் மனைவி சம்மதித்தாள். மலையிலிருந்து ஆலங்காயம் வரை நடந்து இறங்குவது, அங்கே போனால் வீட்டை விட்டு வெளியே வராமல் மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது. இதுதான் அவள் திட்டம்.

மகளுக்கு வேறு ஆசை. அவள் இருக்கும் ஊரிலிருந்து ஒரு பகலில் போய்த் திரும்புகிற தூரத்தில் மண் கொதிக்கிறதாம். சாலை ஓரத்தில் நிலத்துக்குள்ளிருந்து ஆவி வருகிறதாம். ஒரு காலத்தில் நெருப்பைக் கக்கிய மலைகள் வரிசையாக நிற்கின்றனவாம். காரில் போய் அதையெல்லாம் அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்றாள்.

"எங்கம்மாவ நான் ஒரு எடத்துக்கும் கூட்டினு போனதில்லப்பா." போனில் சொன்னாள்.

"வழிய அனுப்பு, நான் பாக்கறேன்" என்றேன்.

போனில் வழிப்படம் வந்தது. மாப்பிள்ளை நல்லவர், அத்தைக்குக் கஷ்டம் வரக்கூடாது என்று நேரான பெரிய சாலையாகப் பார்த்துப் போட்டிருந்தார். ஆனால் அந்த வழியில் போனால் கம்பி வேலி போட்ட ஓர் இடமும், தூரத்தில் புகை மாதிரி ஒரு மலையும்தான் தெரியும். நான் போனில் படத்தை விரலால் பெரிசாக்கிப் பார்த்தேன். ஏரியைச் சுற்றிக் காட்டுக்குள் ஒரு மெல்லிய சாலை புடலங்காய் மாதிரி சுருண்டு கிடந்தது. கொதிக்கிற சேறு அதில்தான் இருந்தது. ஆவி வருகிற மேடும் அதில்தான். முடிவில் நெருப்பு மலைக்கு நேர் எதிரே போய் நின்றது அந்தச் சாலை. இதுதான் வழி என்று சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளை கொஞ்சம் தயங்கி, "அத்தைக்கு ஒத்துக்குங்களா மாமா?" என்று கேட்டார். தயார் செய்து கூட்டி வருகிறேன் என்றேன்.

எனக்கு ஒரு விஷயம் தெரியும். இத்தனை காலத்தில் வாந்தி எடுத்த டிரைவரை நான் பார்த்ததில்லை. ஸ்டியரிங் பிடிப்பவன் உடம்பு வளைவு வருவதற்கு முன்னாலேயே சாய்ந்துகொள்கிறது. சும்மா உட்கார்ந்திருப்பவன் உடம்பை வளைவு தூக்கிப் போடுகிறது. அவளை டிரைவராக்கிவிட்டால் போதும். ஜீப்பில் பக்கத்தில் உட்காரச் சொன்னேன்.

"நீ எந்தப் பக்கம்னு சொன்னாத்தான் திருப்புவேன்."

"சொல்லலன்னா இன்னா ஆவும்?"

"ரெண்டு பேரும் பள்ளத்துலதான்."

முறைத்தாள். ஆனால் ஏறினாள். சோத்தாங்கை, பீச்சாங்கை என்று ஒவ்வொரு வளைவுக்கும் அவள்தான் சொல்ல வேண்டும். முதலில் வாய் வராது. வண்டியை ஊர விட்டுக் காத்திருப்பேன். பின்னால் வருகிற ஜீப்காரர்கள் ஹாரன் அடித்து, வண்டி ரிப்பேரா பெரியவரே என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். அவள் முந்தானையால் வாயை மூடிச் சிரிப்பாள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டினேன். கடைசியில் ஒரு நாள் வாந்தியே இல்லாமல் அடிவாரம் வந்து சேர்ந்தோம். இறங்கி அண்ணாந்து மலையைப் பார்த்தபடி நின்றாள். "நடக்கும்போது காலத்தான் பாக்கறேன். இம்மாம் பெருசா நம்ப மலை?" என்றாள். அன்றைக்கு அவளுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன்.

அங்கே விமானத்திலிருந்து இறங்கியதும், வாந்தி வராமல் இருக்க வழியில் வாயில் போட்டுக்கொள்ள அவள் கொண்டுபோயிருந்த கொட்டைப் புளியை, விதை உள்ளே வரக்கூடாது என்று அதிகாரிகள் மரியாதையாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். கையிலிருந்த ஒரே மருந்தும் போனது. அவள் முகம் வாடிவிட்டது. இனி என் முறை மட்டும்தான் துணை.

சுற்றப் போன அன்று அவளை முன்சீட்டில் உட்கார வைத்தேன். மாப்பிள்ளையிடம், அத்தை வாயைத் திறக்காமல் ஸ்டியரிங்கைத் திருப்பக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். பாவம், ஒரு வளைவுகூட விடாமல் கேட்டார். பச்சைக் காடு, ஏரி, மறுபடி காடு. மகள் பின்சீட்டில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். வளைவெல்லாம் முடிந்தது. கார் நின்றது. கதவைத் திறந்தோம்.

குப்பென்று ஒரு கந்தக நாற்றம். நான் போட்ட திட்டத்தில் நாற்றம் இல்லை. அடிக்கடி வந்து பழகிப்போன மகள் சொல்ல மறந்திருக்கிறாள். எனக்கே குமட்டியது. அவசரமாகப் பிளாஸ்டிக் கவரைப் பிரித்து மனைவியிடம் நீட்டினேன்.

அவள் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். "கூமுட்ட வாசன. கோழி வளக்கறவளுக்கு இது ஒரு வாசனயா? உன் ஜீப்பு டீசல் நாத்தம்தான் எனக்கு எந்தக் காலத்துலயும் ஆவாதது" என்று சொல்லிவிட்டு, கவரை என் கையிலேயே விட்டு இறங்கி நடந்தாள்.

சேற்றுக் குளத்தில் குமிழி வந்து வந்து உடைந்தது. "இன்னாடி இது, களி வேவற மாதிரியே கீது. கிண்டத்தான் ஆள் இல்ல" என்றாள். மகள் சிரித்துக்கொண்டே அழுதாள். இரண்டு பேரும் கைகோத்து ஆவிக்குள் நின்றார்கள். எதிரே நெருப்பு மலை, தலையில் பனியோடு அமைதியாக இருந்தது. மாப்பிள்ளை அவர்களைப் போனில் படம் எடுத்தார். நான் தள்ளியே நின்று பார்த்தேன்.

அந்தப் படத்தை மகள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினாள். கீழே, அம்மாவின் முதல் சுற்றுலா, கூட்டிப்போனவர் மாப்பிள்ளை என்று எழுதியிருந்தாள். ஊர் திரும்பியபின் என் மனைவியோ, அந்தக் காரில் டீசல் நாற்றம் இல்லை, அதனால்தான் ஒன்றும் ஆகவில்லை என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். நான் கேட்கிறேன்: அடிவாரம் வரைக்கும் வாந்தி இல்லாமல் வந்தது எந்த வண்டியில்? என் டீசல் ஜீப்பில்தானே. அப்படியானால் யார் முறை அது? கார் ஓட்டியது மாப்பிள்ளை, ஒத்துக்கொள்கிறேன். வழி போட்டது நான், வளைவு சொல்லக் கற்றுக் கொடுத்தது நான். அந்தப் படத்துக்குக் கீழே இதையும் எழுதி, சம்பந்தி உட்பட எல்லோருக்கும் மறுபடி அனுப்ப வேண்டும்.